கொக்குவில் வீட்டுக்கு வந்த வேட்பாளர்கள்

யாழ்ப்பாணத்துக்குக் குடிவந்த பிறகு என்னைக் காண்பவர்கள் எல்லோரும் "ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள், நல்லது" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஆனாலும் எனக்கு இது புது நாடுதான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் வலிகாமமே மூட்டை முடிச்சுகளுடன் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு எட்டு வயது. அதன் பிறகு வன்னி, கொழும்பு, பேர்ண். என் பெற்றோர் சுவிஸில் வந்திறங்கிப் பட்ட பாட்டில் பாதியையாவது இப்போது நான் கொக்குவிலில் பட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், கிராம சேவகர் எந்த நாளில் இருப்பார், யாரை ஐயா என்பது, யாரை அண்ணை என்பது, எரிவாயு முடிந்தால் எந்தக் கடையில் சொல்லிவைப்பது. எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை எப்படி எடுப்பது என்பதைக்கூடப் பக்கத்து வீட்டு மாமிதான் சொல்லித்தந்தார். தேசிக்காய்.

அப்பா பேர்ணிலேயே காலமாகிவிட்டார். ஓய்வூதியத்துடன் தனியாக ஊருக்கு வந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பார்த்துக்கொள்ள நாங்கள் வந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும். அவள் திருச்சிக்காரி, பேர்ணில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள். 2022 இலையுதிர் காலத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், பதிவாளர் முன்னிலையில் மணம் முடித்துக்கொண்டோம். நானும் ஒரு பெண் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். எங்கள் பெயர்களை எழுதாமல் விடுவதற்கு வெட்கம் காரணமல்ல. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவுதான் காரணம்.

அம்மா ஊருக்கு அவளை "மகளின் சிநேகிதி, ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தினார். என்ன ஆராய்ச்சி என்று யாரோ கேட்க, பதறிப்போய்ப் பனை என்றார். அன்றிலிருந்து ஒழுங்கை முழுவதும் அவளுக்கு ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கொண்டுவந்து தருகிறது. வேறு வழியில்லாமல் அவளும் குறிப்பெடுக்கத் தொடங்கி, இப்போது பாத்தி போட்டுக் கிழங்கு எடுப்பது பற்றி உண்மையிலேயே அரைமணி நேரம் பேசுவாள். இங்கேயுள்ள திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்காவுக்கு எங்களைப் பற்றித் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். "மற்றப் பிள்ளை எங்கே?" என்று ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை. ஊர் மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் குறையில்லை. சிலர் ஒதுங்கினார்கள், சிலர் ஒட்டினார்கள், பெரும்பாலானோருக்குத் தத்தம் வீட்டுக் கவலையே போதுமாக இருக்கிறது.

என் கோபம் வேறு பக்கம் திரும்பியது கடதாசி வேலைகளால்தான். நான் இரட்டைக் குடியுரிமை உள்ளவள், இருந்துகொள்ளலாம். அவளிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. இலங்கைப் பிரஜையைக் கட்டிய வெளிநாட்டவருக்கு வதிவிட விசா உண்டு, அந்தக் கணவன் அல்லது மனைவி இந்த நாட்டுச் சட்டம் ஒத்துக்கொள்ளும் கணவனாகவோ மனைவியாகவோ இருக்கும்வரை. பேர்ணில் பெற்ற சான்றிதழை ஒரு அலுவலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "இதைக் காட்டாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது, மிஸ்" என்றார். அவர் சொன்னது சரியான ஆலோசனை. அதனால் என் மனைவி சுற்றுலாப் பயணி. விசா முடியும்போது காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினம் போகிறாள், தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அந்தக் கரையிலும் எங்கள் திருமணம் செல்லாது. 2018 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது உண்மைதான். திருமண உரிமை என்று போனபோது, 2023 ஒக்டோபர் 17ஆம் திகதி, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைவிரித்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கு அந்த வேலையில் அவசரம் எதுவும் தெரியவில்லை.

இலங்கையில் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. திருமணத்தைக் கேட்பதற்கு முன் குற்றவாளி இல்லை என்றாகவேண்டும். 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்த கோவை இது. முதலில் 365அ ஆண்களை மட்டுமே குறித்தது. நாங்கள் செம்மணி வெளியில் மழையில் நின்ற அதே 1995இல் கொழும்பில் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆண் பெண் சமத்துவத்தை எங்கள் சட்டவாக்கம் இவ்வளவு சுறுசுறுப்பாகக் கவனித்த சந்தர்ப்பம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிறகு 2023இல் பிரேம்நாத் தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் 365, 365அ ஆகிய பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் தீர்மானித்தது. தடை எதுவும் மிச்சமில்லை, வாக்கெடுப்புதான் பாக்கி. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்திருந்தால் யார் எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில், பேர்ணில் இருக்கும் என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவிஸில் தன்பாலினத் திருமணம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது 2021 செப்டெம்பர் 26ஆம் திகதி. அங்கே வாக்குச்சீட்டுடன் ஒரு சிறிய சிவப்புப் புத்தகம் தபாலில் வரும். அரசாங்கம் என்ன சொல்கிறது, பாராளுமன்றம் என்ன செய்தது, எதிர்ப்பவர்களின் வாதம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்சிகள் ஆம் அல்லது இல்லை என்று தங்கள் நிலைப்பாட்டை அறிவிக்கும். அந்த ஊரின் எல்லாப் பழக்கங்களும் எனக்குப் பிடிக்கும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தலைக் குப்பைத்தொட்டியில் போட்டால் சத்தம் என்று முறைப்பாடு செய்யும் ஊர் அது. ஆனால் அந்தச் சிவப்புப் புத்தகம் எனக்குப் பிடிக்கும். 64.1 வீதம் ஆம் என்று வந்தது. 26 மாநிலங்களிலும் ஆம். பெண்களுக்கு மாநில வாக்குரிமை கொடுக்க 1990வரை மறுத்து, கடைசியில் நீதிமன்றம் சொல்லிக் கொடுத்த அப்பன்செல் இன்னர்ரோடனில்கூட ஆம்தான் வென்றது.

மாமா இல்லை என்று போட்டார். போட்டதை என்னிடமே சொன்னார். "பிள்ளை, எனக்கு இது சரியாகப் படவில்லை. உன் முகத்துக்காகப் பொய் சொல்லமாட்டேன்." அன்று அவரது சமையலறையில் இரவு ஒரு மணிவரை சண்டை. சாமி, சாத்திரம், பேரப்பிள்ளை, சனம் என்ன சொல்லும் என்று எல்லாம் வந்துபோயின. நான் சொன்னதில் இரண்டு இடங்களில் அவருக்குப் பதில் இல்லை, அவர் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்குப் பதில் இல்லை. அடுத்த ஆண்டு திருமணப் பதிவுக்கு மாமியுடன் வந்து, பட்டுவேட்டியில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மனம் மாறிவிட்டதா என்று கேட்டேன். "இல்லை. ஆனால் சட்டம் வந்துவிட்டதே" என்றார். அவரோடு எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு இல்லையைக்கூட என்னால் வாங்க முடியவில்லை. 2024 நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல். எங்கள் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள்; போட்டியிட்ட கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் வைத்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்களில் மூன்று தரப்பினரிடம் கேட்டேன்: 365ஐயும் 365அவையும் நீக்க வாக்களிப்பீர்களா? வெளிநாட்டில் சட்டப்படி நடந்த தன்பாலினத் திருமணத்தை விசாவுக்கும் சொத்துக்குமாவது ஏற்றுக்கொள்ளச் சொல்வீர்களா? அம்மா உள்ளே போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

முதலாவது ஐயா, நரைத்த மீசை, பழைய ஆள். "தங்கச்சி, முதலில் எங்கள் இனத்தின் பிரச்சினை தீரட்டும்" என்றார். நான் எந்த இனம் என்று கேட்க நினைத்தேன், வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் இளைஞர். "மிக முக்கியமான கேள்வி அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார், அருகில் நின்ற பையனிடம் படம் எடுக்கச் சொன்னார், போய்விட்டார். மூன்றாவது தரப்பு எல்லா மக்களும் சமம் என்ற வரியைத் துண்டுப்பிரசுரத்தில் விரலால் தொட்டுக் காட்டியது. அந்த எல்லா மக்களில் நாங்கள் இருக்கிறோமா என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். தேர்தல் முடிந்தது, ஆறில் மூன்று ஆசனம் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போய் ஊரே வியந்தது. நாடு முழுக்க அதற்கு 225இல் 159. இவ்வளவு பெரிய பெரும்பான்மையுடன் ஒரு பழைய பிரிவைத் தூக்கி எறிய ஒரு பிற்பகல் போதும். மேலிடத்திலிருந்து எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

இனப்பிரச்சினை முதலில் என்பதை நான் இலேசாகத் தட்டிவிடவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில், அந்த உடைந்த கதிரைச் சிற்பத்தின் அடியில், பதின்ம வயதிலிருந்து கொடி பிடித்து நின்றவள் நான். 2009இல் குளிரில் தொண்டை கட்டும்வரை கத்தினோம். உலகம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் எங்கள் ஒரே கேள்வி. ஆண்டுதோறும் மனித உரிமைப் பேரவைக்கு எங்கள் தலைவர்கள் வருவார்கள், அறிக்கைகளைப் பந்தி இலக்கத்துடன் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே ஐ.நா.வில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில் 2022இல் இலங்கைக்கு எதிராக முடிவு கூறியது. 365அ பெண்களின் உரிமைகளை மீறுகிறது, நீக்கு என்றது. இலங்கை அரசு உலக அரங்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற இன்னொரு சந்தர்ப்பம். நான் கேட்ட மேடைகளில் ஒரு தமிழ்த் தலைவரும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டவில்லை. தமிழ்ப் பெண்களையும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம் பிடிக்கிறது. வானவில் கொடியுடன் யாழ்ப்பாணத் தெருவிலேயே பிள்ளைகள் ஊர்வலம் போயிருக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டுப் பிள்ளைகள்?

காணி என்றால் இவர்களுக்குக் குரல் தானாக ஏறும். காணியைப் பற்றியே சொல்கிறேன். கொக்குவில் வீடு நாலு பரப்பு, அம்மாவின் சீதனக் காணி. எங்களுக்குத் தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்து, 1911 கட்டளைச் சட்டத்தால் திருத்தி, இன்றுவரை நடைமுறையில் இருக்கும் சட்டம். மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவனே இல்லாத என் திருமணத்தில் யார் சம்மதம் தருவது என்று நொத்தாரிசிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தார். "பிள்ளை, சட்டத்தின் கண்ணில் நீர் இன்னும் குமர்ப்பிள்ளை. தாராளமாக விற்கலாம்." திருமணம் செல்லாததால் எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் அதுதான்.

சிரிப்பு அடங்கிய பிறகு மற்றதைச் சொன்னார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை உறுதி எழுதிக் கொடுக்க முடியாது. நெருங்கிய உறவுக்கு மரணசாசனம் மூலம் போவதற்கு விலக்கு உண்டு. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மனைவி எந்த உறவு? நான் இறந்தால், அம்மாவை இத்தனை நாள் தூக்கி நிமிர்த்திக் குளிக்கவார்த்தவளுக்கு இந்த வீட்டில் ஒரு ஓடும் இல்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி நீண்டகாலக் குத்தகை. ஆகவே கொக்குவிலில் என் மனைவி எனக்குக் குத்தகைக்காரி ஆகப்போகிறாள். வாடகை எவ்வளவு என்று கேட்டால், மாதம் ஒரு கட்டு புழுக்கொடியல் என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

வடக்கு மாகாண சபைக்கு 2013இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு இன்னொன்று நடக்கவில்லை. எப்போதாவது ஒருநாள் நடக்கும், மீண்டும் எங்கள் ஒழுங்கைக்குள் வருவார்கள். தண்டனைச் சட்டம் மாகாண சபையின் கையில் இல்லை என்று இப்போதே பதில் தயாராக இருக்கும். சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, வாயைத் திறக்கச் சொல்கிறேன். கேள்விகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள், கையெழுத்துக்கு ஒரு கோடு.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தேநீர் கொடுப்பதற்கு முன்னமே கையெழுத்தை வாங்கு" என்றார். "குடித்து முடித்தால் எழும்பிப் போய்விடுவார்கள்."