அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது?

புது ஏசி வாங்கிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே மாட்டுகிற பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். கட்டிலில் படுத்தால் முகத்தில் நேராகக் காற்று அடிக்கக் கூடாது, பைப் வெளியே தெரியக் கூடாது, புதுப் பெயின்ட் கெடக் கூடாது. எல்லாமே நியாயமான கவலைகள். அவுட்டோர் யூனிட் என்று வந்ததும் மட்டும், "அதை வெளியே எங்கேயாவது மாட்டிடுங்க தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அடையாறு, திருவான்மியூர், வேளச்சேரி பக்கம் ஏசி மாட்டுவதும் சர்வீஸ் செய்வதும்தான் என் பிழைப்பு. ஐடிஐ-யில் எம்ஆர்ஏசி, அதாவது ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் வேலை படித்து, ஹெல்பராக இறங்கி, இப்போது சின்னதாக ஒரு டீம் வைத்திருக்கிறேன். கோடைக்கு முன்னால் ஏசி வாங்கப் போகிறவர்களும், முக்கியமாக இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அவுட்டோருக்கு இடம் பார்க்கும்போது, அந்தப் பெட்டியைத் தொட வருகிற ஆள் எங்கே நிற்பான் என்பதை முதலில் பாருங்கள். மாட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் வருஷா வருஷம் யாரோ ஒருவன் அதே இடத்துக்குப் போய், சூட்டை வெளியே விடுகிற குழாய்ச் சுருளான காயிலைக் கழுவ வேண்டும், கேஸ் பார்க்க வேண்டும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் உயிரைப் பணயம் வைக்கிற மாதிரியான இடமாக அது இருக்கக் கூடாது.

ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் கம்பெனிக்குத் தகுந்த மாதிரி 25 கிலோவிலிருந்து 40 கிலோ வரை இருக்கும். 2024 ஆகஸ்டில் தில்லி கரோல் பாக் பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து அவுட்டோர் யூனிட் விழுந்து, கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த 18 வயதுப் பையன் இறந்துபோனான். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது, பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் டீமில் எல்லோரும் பார்த்தோம். அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, சென்னையில் வழக்கமாக எங்கே மாட்டுகிறார்கள்? முதல் பதில் சன்ஷேடு. ஜன்னலுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கான்கிரீட் பலகைதான் பாதிப் பேருக்கு ஏசி மேடை. அது வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்டது. மேலே ஒரு பெட்டியும், அதற்குப் பக்கத்தில் எழுபது கிலோ ஆளும், அவன் கையில் ஒரு டூல் பேகும் ஏறும் என்று கணக்குப் போட்டுக் கட்டியதாக எனக்குத் தெரிந்து பழைய வீடு எதுவும் இல்லை. கடற்கரைப் பக்கம் இது இன்னும் மோசம். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் சன்ஷேடில் வேலை என்றால் நாங்கள் முதலில் கீழிருந்து பார்ப்போம். அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா, பழுப்புக் கறை இருக்கிறதா, ஏற்கெனவே பூச்சு உதிர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறதா. அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுவோம். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் ‘டப் டப்’ என்று காலியாகக் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் அங்கே பெட்டியும் வைப்பதில்லை, ஆளும் ஏறுவதில்லை. "போன வருஷம் வேற ஒருத்தர் ஏறிப் பண்ணாரே" என்பார்கள். பண்ணியிருப்பார். இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கம்பி இன்னும் கொஞ்சம் துருப்பிடித்திருக்குமே தவிர, தேறியிருக்காது.

அடுத்தது சுவரில் பிராக்கெட். இதில் சுவர் என்ன சுவர் என்பதுதான் எல்லாமே. டிரில் போடும்போது வெளியே வருகிற தூளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. அரை இன்ச், முக்கால் இன்ச் தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். கடைசி வரை சாம்பலாகவே வந்து, டிரில்லும் திணறினால் கான்கிரீட் பீமோ தூணோ இருக்கிறது. பிராக்கெட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளையாக, மாவு மாதிரி சுலபமாக வந்தால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கல். திடீரென்று பிட் உள்ளே பாய்ந்துவிட்டால் ஹாலோ பிளாக், பின்னால் வெறும் பொந்து.

கடைசி இரண்டிலும் சாதாரண ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கினால், முடுக்கும்போது இறுகுவது போலத்தான் இருக்கும். ஆனால் பிராக்கெட்டில் பெட்டி உட்கார்ந்ததும் கீழ் போல்ட் சுவரை அழுத்தும், மேல் போல்ட் சுவரை விட்டு வெளியே இழுபடும். முழுப் பாரமும் அந்த மேல் போல்ட்டின் பிடியில்தான் நிற்கிறது. கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் அது லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். பொந்துச் சுவரில் அந்தப் பிடி எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அந்தச் சுவர்களில் நாங்கள் செய்வது த்ரூ போல்ட்: சுவரை முழுசாகத் துளைத்து, அறையின் உள்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்குவது. உள்ளே தகடு தெரியும், பார்க்க அழகாக இருக்காது. அலமாரிக்குப் பின்னால் வருகிற மாதிரி இடம் பார்த்தால் போதும். வீட்டுக்காரம்மாக்கள் முதலில் முகம் சுளித்தாலும், காரணம் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.

செங்கல் சுவரிலும் அவசரம் கூடாது. போல்ட்டின் பிடி பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இருக்க வேண்டும். துளைக்குள் நிற்கும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை அடித்தால் அது தூளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். பிராக்கெட் விஷயத்தில் கடைக்காரர் தருவதை அப்படியே வாங்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரைப் பகுதிக்குப் பெயின்ட் அடித்த மெல்லிய இரும்பு சரிப்படாது. உருகிய துத்தநாகத்தில் முக்கி ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். நட்டும் போல்ட்டும் அதே தரத்தில் இருக்கட்டும். பிராக்கெட் பளபளவென்று இருக்கும், போல்ட் அழுகிப்போயிருக்கும் வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். பெட்டியின் நாலு காலிலும் ரப்பர் வைத்து நாலு போல்ட்டும் போட வேண்டும். ‘ரெண்டு போதும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது ஆள். மூன்றாவது மாடியில் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நட்டு முடுக்குகிற பையன்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, "ஜாக்கிரதைப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். அந்த வார்த்தை அவனைப் பிடித்து நிறுத்தாது. இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ், அதாவது தோளிலும் தொடையிலும் மாட்டுகிற பாதுகாப்புப் பட்டை வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேண்டாம், விழுந்தால் அதுவே முதுகெலும்பை முறித்துவிடும். கயிற்றின் மறுமுனையைக் கட்டுகிற இடம் அதைவிட முக்கியம். ஜன்னல் கிரில்லிலும் தண்ணீர்ப் பைப்பிலும் கட்டினால் கட்டாததற்குச் சமம். மொட்டை மாடியில் ஒரு தூணைச் சுற்றியோ, வீட்டுக்குள் ஒரு பீமிலோ தூணிலோ கட்ட வேண்டும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "அண்ணே, ரெண்டு நிமிஷ வேலைக்கு இதை மாட்ட பத்து நிமிஷம் ஆகுதே" என்றான். ஆகட்டும்டா, அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் உனக்குச் சம்பளம் என்றேன்.

இதில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது. நாங்கள் சாரம் கட்ட வேண்டும் என்று சொல்லி அதற்கு ஆயிரம், ரெண்டாயிரம் கூடக் கேட்டால், அடுத்த நிமிஷமே வேறு ஆளைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாக ஏற வைத்துவிடுகிறார்கள். ஹார்னஸ் போடுகிறவனுக்கு வேலை போய்விடுகிறது, போடாதவனுக்கு வேலை கிடைக்கிறது. முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து ஏசி வாங்குகிறீர்கள். ஃபிட்டிங் சார்ஜில் மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது சுலபம். பால்கனியின் ஓரத்திலோ, யுட்டிலிட்டியிலோ, மொட்டை மாடியிலோ ஆள் நின்று வேலை செய்கிற இடமாகப் பார்த்து, பைப்பும் ஒயரும் போக இப்போதே வழி விடச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி வேண்டும், முன்னால் குறைந்தது இரண்டு அடி; சரியான அளவு அந்தந்த மாடலின் மேனுவலில் இருக்கும். கட்டடத்துக்குள் மேலிருந்து கீழே வரை போகும் மூடிய டக்டில் நாலு மாடியின் அவுட்டோர்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், கீழ் வீட்டுப் பெட்டி விடுகிற சூட்டை மேல் வீட்டுப் பெட்டி இழுக்கும். மே மாதத்தில் எல்லாமே டிரிப் ஆகும்.

தரைத்தளத்தில் வைப்பவர்கள் வெள்ளத்தை நினைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரிப் பக்கம் தரையோடு வைத்த பெட்டிகள் பல முங்கிப்போயின. இன்வெர்ட்டர் மாடலில் எலக்ட்ரானிக் போர்டு அவுட்டோருக்குள்தான் இருக்கிறது, சேற்றுத் தண்ணீர் போனால் அதோடு சரி. உங்கள் தெருவில் எதுவரை தண்ணீர் ஏறியது என்பது சுவர்க் கறையிலேயே தெரியும். அதற்கு மேலே கான்கிரீட் மேடை கட்டுங்கள். மொட்டை மாடியில் வைத்தால் எதிரி காற்று. 2016 வர்தா மாதிரி ஒரு புயலுக்கு, ஸ்டாண்டைத் தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். மேலே செங்கல் வைத்தால் போதாது.

ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்கு ஹீட்டராகவும் ஓடுகிற ‘ஹாட் அண்ட் கோல்டு’ மாடல் போடுகிறார்கள், ஹீட் பம்ப் என்பது அதுதான். சூடு கொடுக்கும்போது வெளிப்பெட்டிதான் சில்லிட்டுப்போய்த் தண்ணீர் விடும். அதனால் அதன் அடியில் நடைபாதையோ படியோ வரக் கூடாது, வழுக்கும்.

கேஸ் பற்றி இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இப்போது வருகிற பெரும்பாலான வீட்டு ஏசிகளில் குளிர்விக்கும் கேஸ் ஆர்32. லேசாக எரியக்கூடிய வகை, காற்றைவிடக் கனமானது, தீயில் பட்டால் விஷ வாயுவாக மாறும். அதனால் கேஸ் உள்ளே இருக்கும் பைப்பில், பற்றவைக்கிற தீயான டார்ச்சை வைக்கவே கூடாது. வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கும் பீடியும் வேண்டாம். இரண்டாவது, லீக் டெஸ்ட். இதற்கு நைட்ரஜன் மட்டும்தான். கையில் வெல்டிங் ஆக்சிஜன் இருக்கிறது என்று அதை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டர் என்ன நிறம், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே கேளுங்கள், கோபப்பட மாட்டோம். வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: கேஸை அவுட்டோருக்குள் இழுக்கும் நேரத்தில் பைப்பை அவிழ்த்துவிட்டால் கம்ப்ரசர் காற்றை இழுத்து அழுத்தும், அதுவும் குண்டுதான். கம்ப்ரசர் நின்ற பிறகே நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

பைப் முடிந்ததும் வேக்யூம் பம்ப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கிற அலகு) கீழே இறக்க வேண்டும். பைப்பை இணைக்கிற கால் இன்ச் ஃபிளேர் நட்டுக்கு 14 முதல் 17 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அரை இன்ச்சுக்கு 50 முதல் 60. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இது கைக்கு வராது. கரண்டுக்குத் தனி லைன், தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த். இரும்புப் பிராக்கெட்டில் கைவைத்து நிற்கிறவனுக்கு எர்த்தும் ஒரு ஹார்னஸ்தான். மெயினை ஆஃப் செய்த பிறகும் இன்வெர்ட்டர் போர்டின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிஷம் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வேலை நடக்கிற நாளில் கீழே ஒரு ஆளை நிறுத்துங்கள், வாட்ச்மேன் அண்ணாவிடம் சொன்னாலும் போதும். நேர் கீழே வண்டியும் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம். பெட்டி வெளியே போவதற்கு முன்பே அதைக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். நாலு நட்டும் இறுகிய பிறகுதான் அந்தக் கயிற்றை அவிழ்க்கலாம்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் மாதத்திலேயே ஒரு முறை தெருவில் நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிராக்கெட்டுக்குக் கீழே சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா? மேல் போல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் ஏசியை நிறுத்திவிட்டு, கீழே இருக்கும் வண்டிகளை அன்றே நகர்த்தச் சொல்லி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது எங்கே நிற்கப் போகிறார் என்பதையும் போனிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.