சொட்டு மருந்துக்கு நடுவே ஒரு சரித்திரம்

மே 2

மாமாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. புதுக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான். இடது கண்ணிலும் புரை இருப்பதால் அதுவரை எழுத்தெல்லாம் அவருக்குப் புகைமூட்டம். சொட்டு மருந்து இரண்டு வகை; ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொன்று. அந்த ஐந்து நிமிடமும் கண்ணை மூடிச் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவருக்குச் சும்மா கிடப்பது பெரிய தண்டனை.

"ஏதாவது படியேம்மா" என்றார். பேப்பரை எடுத்தேன். இரண்டாவது செய்தியிலேயே குரலை உயர்த்த ஆரம்பித்துவிட்டார். பி.பி. இருக்கிற மனுஷர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அலமாரியிலிருந்து உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்தேன். மாமாவுக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் பாபநாசம் பக்கம். சாமிநாதையரின் உத்தமதானபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அதனாலாவது பொறுமையாகக் கேட்பார் என்று ஒரு கணக்கு.

மே 3

கணக்கு தப்பவில்லை. முதல் அத்தியாயமே ஊர்க்கதை. தஞ்சாவூர் ராஜா ஒருவர் ஏகாதசி விரதத்தை மறந்து வெற்றிலை போட்டுவிடுகிறார். அதற்குப் பரிகாரமாக ஓர் அக்கிரகாரம் கட்டித் தானம் செய்கிறார். 48 வீடு, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக 24 கிணறு. "ஒரு வெத்தலைக்கு ஒரு ஊரா!" என்று மாமா சிரித்ததில், விட்ட சொட்டு கன்னத்தில் வழிந்துவிட்டது. மறுபடி விட்டேன்.

மே 6

சொட்டு நேரம் என்று ஆரம்பித்தது இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம் என்று நீண்டுவிட்டது. புத்தகம் சத்தமாகப் படிப்பதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. 1940-இல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் இது. ஓர் அத்தியாயம் ஒரு மூச்சுக்குச் சரியாக இருக்கிறது. முடிகிற இடத்தில் அடுத்ததைக் கேட்க வைக்கிறது. எழுத ஆரம்பித்தபோது ஐயருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறு வயதில் எந்த ஊரில் யார் வீட்டில் சோறு போட்டார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறார். நான் நேற்று வைத்த குழம்பு என்ன என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

தனியாகப் படிக்கும்போது என் கண் ஊர்ப்பெயர்களைத் தாண்டிப் போய்விடும். வாய்விட்டுப் படிக்கும்போது அது நடக்காது. அரியிலூர், குன்னம், காருகுடி என்று ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அப்பா, பையனின் தமிழ்ப்படிப்புக்காகக் குடும்பத்தையே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சல் என் தொண்டையில் தெரிகிறது.

மே 7

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, மொபைலில் சீவக சிந்தாமணியைத் திறந்தேன். ஐயர் பதிப்பித்து, அவருக்கு முதலில் பேர் வாங்கிக்கொடுத்த புத்தகமாயிற்றே என்று. "மூவா முதலா உலகம் ஒருமூன்றும் ஏத்த" அருமையாக ஓடியது. ஐந்தாறு பாட்டுக்கு மேல் உரை எழுதிய நச்சினார்க்கினியர் கையைப் பிடிக்காமல் நகர முடியவில்லை. அவர் கையைப் பிடித்தாலும் அவர் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறார். மொத்தம் 3145 பாட்டு. தூக்கம் வந்துவிட்டது.

மே 10

ஐயரின் கல்யாணம் வந்தது. 1868, மாப்பிள்ளைக்கு வயது 13. செலவுக்குப் பணம் புரட்டிய பாடு, நகை, சாப்பாடு என்று ஒன்றும் விடவில்லை. பெண்ணைத்தான் காணோம். அதற்கப்புறமும் அந்த அம்மாளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்து மனுஷாள் பொண்டாட்டியைப் பத்தியெல்லாம் எழுத மாட்டா" என்றார். ஆசிரியர் வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதுகிறவர் இதையும் எழுதியிருக்கலாம். நான் அப்படியே சொல்லவும் செய்தேன். மாமா சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். ஆகவில்லை.

மே 13

மாயூரம் வந்தாயிற்று. ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உள்ளே வந்ததும் புத்தகத்துக்கே வேறு வெளிச்சம் வந்துவிட்டது. 1871. மெயின் லைன் அந்தப் பக்கம் வருவதற்கு முந்தின காலம் என்று மாமா நடுவில் ஒரு அடிக்குறிப்பு போட்டார். ரயில்வே சம்பந்தப்பட்ட எதையும் அவர் சும்மா விட மாட்டார்.

பையனின் பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள். வேறு பெயர் உண்டா என்று பிள்ளையவர்கள் விசாரித்து, சாமிநாதன் என்றே அழைக்கிறார். நமக்குத் தெரிந்த பெயர் அவர் வாயில் நிலைத்தது. சங்கீதம் கற்றுக்கொண்டிருந்ததையும் பிள்ளையவர்கள் நிறுத்தச் சொல்கிறார். அதில் மனசு போனால் இலக்கியம் நிற்காது என்பது அவர் கட்சி. கற்றுக்கொடுத்தவர் யார்? நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். இங்கே மாமா கொதித்துப்போனார். "பாரதியார்கிட்ட பாட்டு கத்துக்கறதை நிறுத்தச் சொல்றதா!" என்று ஆரம்பித்து, "வருகலாமோ" பாடிக்காட்டினார். சுருதி எங்கேயோ இருந்தது, ஆனால் முழுசாகப் பாடினார். அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

மே 14

இந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இன்று வந்தது. பிள்ளையவர்களுக்கு வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் தளிர் விடுவதைப் பார்க்கப் பிடிக்கும். காலையில் எழுந்து ஒவ்வொரு செடியாக எங்கே புதுத்தளிர் என்று தேடுவார். அவர் பிரியத்தைச் சம்பாதிக்க வழி தேடிக்கொண்டிருந்த சாமிநாதன், அவருக்கு முன்னால் எழுந்து தளிர் இருக்கிற இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறார். அத்தியாயத்தின் பெயரே 'தளிர் ஆராய்ச்சி'.

குருபக்தி என்று எத்தனையோ பேர் பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு பையன் வாத்தியாரைக் காக்காய் பிடிக்கிறான், அதை 85 வயதில் வெட்கமில்லாமல் சொல்கிறான். அதில் பக்தியும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது.

சின்னவளைக் கூப்பிட்டு இந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். லீவில் போன் பார்த்தே கண் கெட்டுக் கிடக்கிறாள். "டீச்சரை ஐஸ் வைக்கிறதும்மா இது" என்று ஒரே வரியில் விமர்சனம் எழுதிவிட்டாள்.

மே 17

பட்டீச்சுரம். அங்கே ஆறுமுகத்தா பிள்ளை வீட்டில் தங்கிப் பாடம். அந்த மனிதர் சாயங்காலம் தூங்கப் போய், ராத்திரி நேரம் கழித்து எழுந்துதான் சாப்பிடுவார். அவர் எழுகிறவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வித்துவானும் காத்திருக்க வேண்டும். ஐயர் கோபமே இல்லாமல் எழுதுகிறார். 'ஆறுமுக பூபாலர்' என்று ஒரு பட்டம் கொடுத்ததோடு சரி. கேட்கிறவருக்கு வந்தது கோபம். தமிழுக்கே அரசர் மாதிரி இருந்தவர் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பதா என்று. ராத்திரிச் சாப்பாட்டை அன்றைக்கு அரை மணி முன்னதாகவே போட்டேன்.

மே 20

பிள்ளையவர்களின் கடைசி நாட்கள். இது வரும் என்று தெரியும், அதனால் நேற்று ராத்திரியே தனியாக முன்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். படித்து வைத்தது உதவவில்லை.

1876, பிப்ரவரி 1. பிள்ளையவர்கள் சவேரிநாத பிள்ளையின் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர், மாணவர், கூடவே இருந்து பணிவிடை செய்தவர். திருவாசகம் கேட்க வேண்டும் என்கிறார். சாமிநாதன் எடுத்து அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். கேட்டுக்கொண்டே உயிர் பிரிகிறது.

எதிரே மாமா கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார், நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். குரல் கம்மிவிட்டது. கொஞ்சம் நிறுத்தினேன். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால், கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பதிகத்தை முழுசாப் படிம்மா" என்றார். பூஜை அலமாரியில் அத்தையின் திருவாசகம் இருந்தது. "செழுக்கமலத் திரளனநின் சேவடி" என்று ஆரம்பித்துப் பத்துப் பாட்டும் படித்தேன். அத்தை போன பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் எடுத்ததில்லை. உள்ளே பால்காரர் கணக்கு எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. மாமாவிடம் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாது என்றாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மே 21

படிக்கவில்லை. இரண்டு பேருமே கேட்கவில்லை.

மே 24

மறுபடி ஆரம்பம். பிள்ளையவர்கள் போன பிறகு கொஞ்ச தூரம் தொய்வுதான். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு, வருகிற போகிற வித்துவான்கள், மடத்து மரியாதைகள். சில பக்கங்கள் வருகைப் பதிவேடு மாதிரி போகின்றன. ஆனாலும் தேசிகரை எனக்குப் பிடித்தது. கொடுக்கத் தெரிந்தவர்.

அப்புறம் 1880. தியாகராச செட்டியார் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலையை விட்டு விலகுகிறார். அந்த இடத்துக்குச் சாமிநாதையரை முன்னால் நிறுத்துகிறார். தன் நாற்காலியைத் தானே முன்வந்து இன்னொருத்தருக்கு வாங்கிக்கொடுப்பது எத்தனை பேருக்கு வரும்? என் ஆபீஸில் நாற்காலியின் குஷனைக்கூட விட மாட்டார்கள்.

மே 27

சேலம் ராமசுவாமி முதலியார் வந்துவிட்டார். அதே 1880, அக்டோபர். கும்பகோணத்துக்கு முனிசீபாக, அதாவது சிவில் கோர்ட் நீதிபதியாக, மாற்றலாகி வந்தவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார். ஐயர் அடுக்குகிறார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். அந்தப் பட்டியலை ஒரே மூச்சில் படித்து எனக்கு இரைத்தது. முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார்.

பாடப்புத்தகத்தில் இதை ஒரு பத்தியாகப் படித்திருக்கிறேன். அப்போது அது ஒரு நல்ல கேள்வி, அவ்வளவுதான். பிள்ளையவர்கள் சாகும்வரை கூட இருந்து வந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. இந்த முனிசீபு அந்த ஆசிரியரின் ஆயுள் உழைப்பு முழுவதையும் சேர்த்துத்தான் 'என்ன பிரயோசனம்' என்கிறார். சாமிநாதையருக்கு அது எங்கே குத்தியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. எனக்கு முதலியார் மேல் கோபம்கூட வந்தது. மாமா நேர் எதிர். "கேட்டாரே ஒரு கேள்வி! கேக்காட்டா நமக்குச் சிலப்பதிகாரம் ஏது?" இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டில் இதைப் பற்றியே பேசினோம். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மே 29

முதலியார் கேட்ட சிந்தாமணியை ஐயர் படிக்க ஆரம்பிக்கிறார். சமண நூல், பாதி சங்கதி புரியவில்லை, கேட்க ஆளில்லை. கடைசியில் கும்பகோணத்திலேயே இருக்கிற ஜைனர் வீட்டுக்குப் போகிறார் ஐயர். வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து முடித்திருக்கிறோம், அதற்குக் கொண்டாட்டம் என்கிறார்கள். ஊரெல்லாம் தேடிய அர்த்தம் பக்கத்துத் தெருவில் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாமா உடனே எழுந்து உட்கார்ந்தார். "நாமளும் இதை முடிக்கிறப்ப ஏதாவது பண்ணணும்மா." பாயசம் என்று தீர்மானமாயிற்று. சின்னவள் முதல் தடவையாக, எத்தனை பக்கம் பாக்கி என்று கேட்டாள்.

மே 31

இந்த மாதம் வேறு என்ன படித்தேன் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வாரப் பத்திரிகை, அதுவும் பாதி. சிந்தாமணியில் நாமகள் இலம்பகத்தின் வாசலோடு சரி. திருவாசகத்தில் பத்துப் பாட்டு. 'என் சரித்திரம்' இன்னும் முடியவில்லை. 122 அத்தியாயம். அது முடிந்தாலும் முடியாது. ஐயர் 1942 ஏப்ரலில் காலமானதால் நூலே பாதியில் நிற்கிறது, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலைப் பதிப்புகளைக் கடந்த கொஞ்ச தூரத்தில். பாயசத்தை எந்த இடத்தில் வைப்பது என்று மாமாவிடம் கேட்க வேண்டும். அடுத்தது ஐயர் எழுதிய பிள்ளையவர்கள் சரித்திரம் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அது இரண்டு பாகம்.

நாளைக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கக் கூட்டிப்போகிறோம். இந்த வாரக் கடைசிக்குள் கரிவலம்வந்தநல்லூர் வந்துவிடும். நான் முன்னாலேயே படித்துவிட்டேன். ஐயர் ஏடு தேடிக் கோயிலுக்குப் போகிறார்; பழைய ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டோம் என்கிறார்கள் அங்கே. மாமாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்குப் பி.பி. மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.