டர்பனிலிருந்து கியாலாமி வரை: ஓட்டிப் போன காரிலேயே வீடு திரும்ப

முதல்முறை ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாளுக்கு, கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எக்ஸாஸ்ட் மாற்றலாமா, இன்ஜின் கணினியில் புது மேப் போடலாமா, எத்தனை கிலோவாட் கூடும்? அதற்கு ஒதுக்கிய பணத்தில் கால் பங்கை எடுத்து பிரேக் ஆயிலும் பேடும் வாங்குங்கள். மீதியை வங்கியிலேயே விட்டுவிடுங்கள். சாலையில் ஓடும் காரை ட்ராக்கில் படுக்க வைப்பது பவர் குறைவு அல்ல, சூடு. கடலோரத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு உயர்சமவெளியான ஹைவெல்டுக்கு ஏறிப் போகிற நமக்கு அந்தச் சூட்டோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது.

நட்டாலில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ராய் ஹெஸ்கெத் ட்ராக் 1981-லேயே மூடப்பட்டது. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ட்ராக் இருக்கிறது, சிறியது, பழகுவதற்கு நல்லது. ஆனாலும் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ வெருலமோ, டர்பன் பக்கத்தில் எல்லாருக்கும் கண் ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள கியாலாமி ட்ராக் மேல்தான். ஒரு சுற்று 4.522 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் போக சுமார் 600, வர சுமார் 600. டிரெய்லர் இல்லாமல் போகிறவர் அந்த 1,200 கிலோமீட்டரையும் ட்ராக் நாளின் பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் டயர் காற்று. டர்பனில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.01 பார். 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கியாலாமியில் அது 0.85-ஐ ஒட்டி நிற்கும். டயர் காற்றை அளக்கும் கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. வழியில் வான் ரீனன் மலைப்பாதை ஏறியதும் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதே கணக்கு. டர்பனில் 25 டிகிரியில் 2.0 பார் வைத்த டயர், வெப்பநிலை மாறாவிட்டால் மேலே 2.16 காட்டும். ஆனால் ஜூன், ஜூலைக் காலையில் கியாலாமி இருக்கும் மிட்ரண்டில் 5 டிகிரிதான் இருக்கும். குளிரில் காற்று சுருங்கி கேஜ் மறுபடி 1.96-க்கு வந்துவிடும். அதைப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். பகல் 22 டிகிரி ஆனதும், ஒரு சுற்றுகூட ஓடாமலேயே 2.13. ஓடினால் அதற்கு மேல் இன்னும் 0.3 முதல் 0.5 வரை ஏறும். காலையில் நன்றாகப் பிடித்த கார் மதியம் வழுக்குவதற்கு இதுவே பாதிக் காரணம்.

அதனால் டர்பனில் வைத்த அளவை மறந்துவிடுங்கள். சொந்த கேஜ் ஒன்றை எடுத்துப் போய், ட்ராக்கிலிருந்து உள்ளே வந்த இரண்டு நிமிடத்துக்குள் நான்கு டயரையும் அளந்து எழுதுங்கள். சாதாரணச் சாலை டயரில் டொயோட்டா ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற லேசான கார்களுக்குச் சூட்டில் 2.2 முதல் 2.4 பார் வரை நல்ல தொடக்கம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போல மூக்கு கனத்த கார்களின் முன்டயருக்கு 2.4 முதல் 2.6. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். சிறிய முக்கோணக் குறியின் நுனிவரை கோடு அழிந்திருந்தால் காற்று சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை. முக்கோணத்துக்கு வெகு முன்பே நின்றுவிட்டால் காற்று அதிகம். வெளி ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே போனால் அது காற்றின் தப்பு அல்ல. கம்பெனி வைத்த கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, ட்ராக்குக்குப் போதாது. இரண்டு டிகிரியை ஒட்டி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வது) வைத்தால் முன்டயரின் ஆயுள் கண்கூடாகக் கூடும்.

உயரம் இன்ஜினையும் விடாது. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பவரை இழக்கும். கடல் மட்டத்தில் 174 கிலோவாட் தருகிற ஜிஆர்86 மேலே 147-ஐ ஒட்டித்தான் தரும். கார் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். டர்போ கார் இழப்பது குறைவு, ஆனால் அதற்கு டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். உள்ளே போகும் காற்று சூடாகும், டர்போவும் சூடாகும். ரேடியேட்டரையும் பிரேக்கையும் குளிர்விக்கிற காற்றும் மெலிந்ததுதான். பெட்ரோலில் ஒரு எச்சரிக்கை: உள்நாட்டில் 93 ஆக்டேன் கிடைக்கும். டர்போ இல்லாத பல கார்களுக்கு அந்த உயரத்தில் அது போதும். டர்போ காருக்கு 95-தான் போட வேண்டும். டர்போ இல்லாவிட்டாலும், அரை டேங்க் 93-ஐ வைத்துக்கொண்டு கடலோரத்துக்கு இறங்கக் கூடாது. கீழே காற்று கனமாக இருப்பதால் அதே இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும்.

இனி பிரேக். ஓட்டுநரோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 19 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில் இறங்குகிறது. ஒரே சுற்றில் இது பலமுறை நடக்கும். சாதாரண டாட் 4 தர பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், டர்பன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மூன்று வருடப் பழைய ஆயிலோடு கியாலாமிக்குப் போவது பெடலைப் பந்தயம் வைப்பதற்குச் சமம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். அதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் ஆயில், அதைத் தொடவே தொடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது டாட் 4-ஓடு கலக்கும்.

மாற்றுவதற்கு ஒரு லிட்டர் போதும். முதலில் பிரேக் ஆயில் டப்பாவிலிருக்கும் பழைய கறுப்பு ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். நம் கார்களில் ஸ்டீரிங் வலப்பக்கம் என்பதால் பெரும்பாலும் டப்பாவிலிருந்து பின் இடது சக்கரம்தான் தூரம், அங்கிருந்து தொடங்குங்கள். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை பல கார்களுக்குப் பொருந்தும், கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். சக்கரத்தருகே பிரேக்கிலுள்ள, ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அமுக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைத் திறக்க வேண்டும், பெடல் அடிக்குப் போவதற்குள் மூட வேண்டும், அதன் பிறகே அவர் காலை எடுக்கலாம். தெளிந்த நிறத்தில் குமிழி இல்லாமல் வரும்வரை இப்படியே. நடுவில் டப்பா காலியாகக் கூடாது. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் டயக்னாஸ்டிக் கருவி இல்லாமல் எடுப்பது கடினம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ட்ராக்கில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் கால் பிரித்தறிய வேண்டும். பெடல் கல்லாக இருக்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் வெந்துவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவி வந்துவிட்டது. முதலாவதற்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவதில் உடனே பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்து, கியரைக் குறைத்து, கையைக் காட்டி உள்ளே வாருங்கள். ஆறிய பிறகு பெடல் பழையபடி வந்தாலும் அந்த ஆயிலை நம்ப முடியாது. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் போகவே வேண்டாம். மெல்லிய பேட் சூட்டை நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். புது பேடை ட்ராக்கிலேயே முதல்முறை மிதிக்காதீர்கள். ஊரில் காலியான சாலையில் 100-லிருந்து 30 வரை எட்டுப் பத்து முறை, முழுதாக நிறுத்தாமல் பிரேக் பிடித்து, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள்.

ஜிடிஐ ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எக்ஸ்டிஎஸ் வசதி திருப்பத்தில் உள்பக்க முன்சக்கரத்தை பிரேக் பிடித்துத்தான் காரை உள்ளே இழுக்கிறது. நீங்கள் பெடலைத் தொடாத நேரத்திலும் முன் பேட் வேலை செய்துகொண்டே இருக்கிறது. சீக்கிரம் ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஸ்டீரிங் நேரான பின் மிதித்தால் பேட் கூடுதல் நாள் வரும்.

இன்ஜின் ஆயில் மேல் கோடு வரை இருக்கட்டும், நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். வீல் நட்டையோ போல்ட்டையோ டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், கோல்ஃபுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் இழுவைக் கொக்கி இடமரை, எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் ஏறும். காரை இழுக்க ஆள் வந்து நிற்கும்போது அதைக் கண்டுபிடிக்க வேண்டாம், காலையிலேயே மாட்டிவிடுங்கள். ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பு, ஜாக்கி, பெட்டி எல்லாம் வெளியே.

ஒரு செஷனில் வெளியே போகும் சுற்று ஒன்று, வேகமாக மூன்று நான்கு, ஆறவிட ஒன்று. சாலைக் காருக்கு இதுவே போதும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆனிலேயே இருக்கட்டும். கியாலாமியின் மைன்ஷாஃப்ட் பகுதி செங்குத்தாக இறங்குகிற இடம். அங்கே எடை முன்னால் சரிந்து பின்சக்கரம் லேசாகிவிடும். காலைத் திடீரென்று எடுத்தாலும் திடீரென்று மிதித்தாலும் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். பிரேக்கை இறங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கொடி தெரிந்தால் தரையில் ஆயிலோ மண்ணோ கிடக்கிறது, அந்தச் சுற்றில் நேரத்தைப் பற்றி நினைக்காதீர்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் உயர்ந்த கியரில் வந்து, பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். தகிக்கிற டிஸ்கில் பேடை அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் பேட் படிந்து, அதன்பின் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீரிங் உதறும்.

காப்பீட்டு விஷயத்தை வாய்ச்சொல்லில் விடாதீர்கள். ட்ராக் நாளுக்கும் தடுப்புச் சுவர் சேதத்துக்கும் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்குகிற வாசகம் பல பாலிசிகளில் உண்டு.

கிளம்பும்முன் டயரில் தேய்மானக் குறியைப் பாருங்கள், பேடின் கனத்தைப் பாருங்கள், காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். அன்று முழுக்க அடிவாங்கிய பிரேக்கோடு, இரவில், லாரிகளுக்கு நடுவே வான் ரீனன் இறக்கம் காத்திருக்கிறது. கியரில் இறங்குங்கள். கோடையானால் மதியத்துக்கு மேல் ஹைவெல்டில் இடியும் ஆலங்கட்டியும் வரும், பள்ளம் குறைந்த செமி ஸ்லிக் ட்ராக் டயரில் அந்த மழைத்தண்ணீரைக் கடக்க முயலாமல் ஹாரிஸ்மித்திலேயே தங்கிவிடுவது நல்லது. டர்பன் வந்து மறுநாள் காலையில் கேஜ் வைத்தால், மிட்ரண்டில் பகல் சூட்டில் ஏற்றிய காற்று 0.16 பாரோ அதற்கு மேலோ குறைவாகக் காட்டும். பஞ்சர் தேட வேண்டாம், நிரப்பினால் போதும்.