‘கலகம்’ இருந்த இடம்

கண்காட்சிப் பலகையில் ‘கலகம்’ என்று எழுதியது நான்தான். மூல வரைவிலும் அதே பொருள்தான் இருந்தது; மொழிபெயர்ப்பில் பிழையில்லை. இதைப் பல முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கண்காட்சிப் பலகைக்கு ஐம்பது சொல். ரிநான், அதாவது ‘சூரியனுக்குத் தெற்கே’: சீனாவின் ஹான் பேரரசு கி.மு. 111-இல் நான்யூ என்ற தென்னாட்டை வென்ற பிறகு அமைத்த ஆட்சிப்பகுதிகளில் தென்கோடி, இன்றைய மத்திய வியட்நாம். கி.பி. 192 வாக்கில் அதன் சியாங்லின் வட்டத்தில் கூ லியென் என்பவர் கலகம் செய்து, வட்ட அதிகாரியைக் கொன்று அரசரானார். சீனர்கள் லின்-யி என்று அழைத்த அரசு அப்படித்தான் பிறந்தது.

சரிபார்க்க வந்தவர் வியட்நாமின் ஹுவே ஊர்க்காரர். தமிழ் தெரியாது, பொருள் சொல்லிக்கொண்டே வாசித்தேன். “ரிநானை நாங்கள் நியத் நாம் என்போம், அது போகட்டும்” என்றவர், “கலகம் என்றீர்களே, அது எந்தச் சொல்?” என்று கேட்டார். காட்டினேன். பென்சிலால் அதன்கீழ் மெல்லிதாக ஒரு கோடு இழுத்தார்.

“சீன ஏடுகளில் அப்படித்தான் இருக்கிறது” என்றேன்.

“எழுதியவர்கள் அவர்கள்தானே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அவர் அடுத்த பலகைக்குப் போய்விட்டார். நான் சொல்லை அடித்துவிட்டேன்.

சியாங்லின்காரர்கள் உங்கள் முன்னோர்தாமா, வேறு இனத்தவரான சாம் மக்களின் முன்னோர் அல்லவா என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மரியாதை என்று அன்று நினைத்தேன்; சோம்பலாகவும் இருக்கலாம்.

அதே பலகையில் ஹான் அரசு ரிநானில் எடுத்த கி.பி. 2-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அப்படியே விட்டிருக்கிறேன்: 15,460 குடும்பங்கள், 69,485 பேர். கடைசி ஆள்வரை எண்ணியதும் அவர்கள்தான், வரிக்கும் ஊழியத்துக்கும். ‘கலகம்’ அவர்களுடைய சொல் என்றால் 69,485-உம் அவர்களுடையதுதானே? அதன்கீழ் யாரும் கோடு போடவில்லை. எண் என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை.

கூ லியென் அந்த வட்ட அலுவலகத்து எழுத்தர் ஒருவரின் மகன் என்கிறார்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இடமில்லை என்று விட்டேன். இடம் இருந்தது, ‘கலகம் செய்து’ போன பிறகு இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது.

இப்போது படித்தால், யாரோ ஒருவர் காரணமே இல்லாமல் ஓர் அதிகாரியைக் கொன்றதுபோல் இருக்கிறது. பலகை அச்சாகிவிட்டது.