அஞ்சு நிமிடத்துக்கு ஒரு ராத்திரிப் பயணம்

விடிகாலை நாலரை மணி, மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். பக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி. மடியில் மஞ்சப்பை, அதற்குள் எக்ஸ்ரே, தூக்குவாளியில் கஞ்சி.

"இருதய ஆபரேசன் போன வருசமே முடிஞ்சிருச்சு தம்பி. இப்ப மாத்திரை எழுதி வாங்கத்தான். அஞ்சு நிமிசம் பாப்பாக."

இதய அறுவைச் சிகிச்சை ஊருக்கு ஊர் வேண்டும் என்று கேட்கமாட்டேன். நிறையப் பேருக்குச் செய்து பழகிய கைகள் ஓரிடத்தில் இருப்பதே நல்லது.

சரி, அந்த அஞ்சு நிமிடம்?

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். ராமநாதபுரத்திலும் ஒன்று. வாரம் ஒருநாள் மதுரை டாக்டர் அங்கே போய் உட்காரலாமே. ஒருத்தர் பஸ் ஏறினால் நாற்பது பேர் ஏற வேண்டாம்.

பாட்டி கஞ்சியைத் திறக்கவே இல்லை.

"ரத்தம் எடுத்தாலும் எடுப்பாக. வெறும் வயித்தோட இருக்கணும்ல."