அப்பாவின் இடது கண்

அப்பாவுக்கு விழித்திரை விலகி ஒப்பரேஷன் செய்து நாலு மாதமாகிறது. உப்புவெளியில் வீட்டுக்கு வருகிற எல்லோரும் "எப்ப முழுசாத் தெரியும்?" என்றுதான் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முக்கியமானது, விழித்திரையின் மையத்தில் நடுப்பார்வைக்குரிய பகுதியான மக்குலாவும் சேர்ந்து விலகியதா என்பது. அது ஒட்டியிருக்கும்போதே ஒப்பரேஷன் நடந்தால் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும். விலகிவிட்டால் ஒவ்வொரு நாளும் கணக்கு, ஏனென்றால் ஒளியை உணரும் கலங்களுக்குப் பின்னாலிருந்து வரும் ஒட்சிசனும் போசாக்கும் அறுந்துவிடுகிறது. கண் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்கியதை அப்பா வயசுக் கோளாறு என்று நினைத்து ஐந்து நாள் சும்மா இருந்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

விழித்திரையை அழுத்திப் பிடிக்க ஒப்பரேஷனில் உள்ளே வைத்த வாயுக் குமிழி, பாதிப் போத்தல் தண்ணீர் மாதிரி கண்ணுக்குள் ஆடியதாம். டொக்டர் சொன்னபடி குப்புறவே கிடந்தார். குமிழி கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. இப்போது பேப்பரில் தலைப்பெழுத்து பிடிபடுகிறது, ஆனால் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்கிறார். ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்லத் திருந்தலாம். தழும்புச் சவ்வு வளர்ந்து விழித்திரையை மறுபடி இழுத்தால்தான் சிக்கல், இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்படும். கண்புரை சீக்கிரம் வரக்கூடும், அதை எடுத்துவிடலாம்.

மின்னல் வெட்டுவது போல வெளிச்சமோ, திடீரென்று நிறையக் கறுப்புப் புள்ளிகளோ தெரிந்தால் தயவுசெய்து அன்றைக்கே கண் டொக்டரிடம் போங்கள்.