பரோட்டாக் கடைப் பையனும் ஒரு பிரைவேட் லிமிடெட்டும்

நான் கம்பெனி செக்ரெட்டரி; கம்பெனிகளைப் பதிவு செய்து தருவது என் வேலை. போன ஆடி மாசம் ஒரு மத்தியானம். காந்திபுரத்தில் இருக்கும் என் ஆபீஸுக்கு ஒருத்தர் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபைல் அவர் கையில், பையன் கை காலி. ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கணும், ஃபீஸ் நான் கேட்பதைப் போல ரெண்டு மடங்கு தருகிறேன் என்றார். பேரம் பேசாத கோயமுத்தூர்க்காரரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"தம்பி, என்ன தொழில் பண்ணப் போறீங்க?" பையனிடம் கேட்டேன்.

"அண்ணன்தானுங்க மேடம் சொல்லணும்."

பரோட்டாக் கடையில் வேலையாம். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அதுவும் அண்ணன் பாக்கெட்டில். அதற்கு வீடியோவில் முகம் காட்டணுமே என்றால், "போனைப் பிடிச்சாங்க, பேரைச் சொன்னேனுங்க" என்றான். ஆதார், பான், கரண்ட் பில், வீட்டு ஓனரின் என்ஓசி எல்லாம் கச்சிதம். ஆட்சேபிக்க ஒரு காகிதம்கூட இல்லை.

கம்பெனி பதிவாவது ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையத்தில். அங்கே இருப்பவர் பார்ப்பது பிடிஎஃப். ஆளைப் பார்க்க வாய்ப்பிருப்பது எங்களுக்கு மட்டும்தான்: கம்பெனி செக்ரெட்டரி, ஆடிட்டர், இல்லாவிட்டால் 'ஏழே நாளில் கம்பெனி' என்று விளம்பரம் போடும் ஏஜென்ட்.

2023 மே மாசம் நிதி அமைச்சகம் ரெண்டு அறிவிக்கை போட்டது. 3-ஆம் தேதி வந்ததில் நாங்களும் ஆடிட்டர்களும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தோம். 9-ஆம் தேதி வந்தது மற்றவர்களுக்கு: கம்பெனி ஆரம்பித்துத் தருவது, அதற்கு முகவரி கொடுப்பது, வேறொருவருக்காக டைரக்டராக உட்காருவது, பெயருக்குப் பங்கு வைத்திருப்பது எல்லாம் உள்ளே. உண்மையான ஆள் யார் என்று விசாரிக்கணும், ஆவணங்களை அஞ்சு வருஷம் வைத்திருக்கணும், சந்தேகம் வந்தால் டெல்லியில் இருக்கும் நிதி உளவுப் பிரிவுக்குச் சொல்லணும். எங்கள் வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கு ஒரே ஒப்பாரி. ஆனால் அதே 9-ஆம் தேதி அறிவிக்கையில் ஒரு விலக்கு: கம்பெனிச் சட்டம் 7(1)(பி)-யின்படி, பதிவுக்கான விதிகள் எல்லாம் நிறைவேறின என்ற உறுதிமொழி தாக்கல் செய்யும் அளவுக்கு மட்டும் வேலை பார்க்கும் வக்கீல், ஆடிட்டர், செக்ரெட்டரிக்கு இது பொருந்தாது. பலர் அப்பாடா என்றார்கள். எனக்கு அது வலையில் விட்ட ஓட்டையாகத்தான் படுகிறது. ஆளையே பார்க்காமல் கையெழுத்து விற்பவர் நுழைவது அந்த வழியாகத்தானே?

2017-இல் கணக்குத் தாக்கல் செய்யாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். 3 லட்சம் பேருக்கு மேல் டைரக்டர் தகுதியை இழந்தார்கள். அப்போது என்னிடம் வந்தவர்களில் ஒருத்தர் டிரைவர். தான் டைரக்டர் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

அதை அந்தப் பையனிடம் சொன்னேன். அண்ணன் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தீபாவளி முடிந்து ஒருநாள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தட்டினேன். கம்பெனி இருக்கிறது, பையன் டைரக்டர். நூறு ரூபாய் கட்டினால் தாக்கலான ஃபாரங்களைத் திறந்து பார்க்கலாம், கட்டினேன். கம்பெனியின் பதிவு அலுவலகத்தை நேரில் போய்ப் பார்த்தேன் என்று அதில் ஒரு உறுதிமொழி உண்டு. அதன் கீழே கையெழுத்துப் போட்டவரின் முகவரி கோயமுத்தூரிலிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம்.